மாணவரே இல்லாத பள்ளிக்கு மெஷின் வந்த கதை

ஜெர்மன்காரன் எதையும் கேள்வி கேட்காமல் விற்க மாட்டான். 2006, 2007வாக்கில் பர்மாவிலிருந்து ஆர்டர் வந்தபோதும் கேட்டான். வந்தது லேத் பட்டறைச் சாமானுக்கான ஆர்டர் அல்ல. கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுக்கும் உயர்ரக மெஷின்களுக்கான ஆர்டர். அவற்றால் தண்ணீர் பம்பும் செய்யலாம், ஏவுகணையும் செய்யலாம். ஆகவே யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று எண்ட்-யூசர் படிவம் என்ற தாளில் எழுதிக் கொடுத்தால்தான் சரக்கு கப்பலேறும்.

பர்மா எழுதிக் கொடுத்தது. வாங்குபவர்: தொழில்நுட்ப, தொழிற்கல்வித் துறை. நோக்கம்: கல்வி.

கல்வி என்று எழுதிவிட்டால் அப்புறம் யார் என்ன பேசுவது? சரஸ்வதி காரியம். மெஷின் வந்து இறங்கியது.

பிறகு ஜெர்மன் அதிகாரிகள் நேரிலேயே பார்க்க வந்தார்கள். மெஷின் இருந்தது. கட்டடம் இருந்தது. சுற்றி ஆட்களும் இருந்தார்கள். மாணவர்களையும் வாத்தியார்களையும்தான் காணோம். விஷயத்தைப் படங்களோடு 2010இல் வெளியே கொண்டுவந்தவர் சாய் தெய்ன் வின் என்ற பர்மிய ராணுவ மேஜர். மாஸ்கோவில் ஏவுகணைப் பொறியியல் படித்துவிட்டு வந்து அந்த மெஷின்களோடு வேலை பார்த்தவர். அந்த இடத்தில் உருப்படியாகப் படித்த ஒரே ஆசாமியும் நாட்டை விட்டு ஓடிவிட்டார் என்பது கதையின் முதல் நகைச்சுவை.

இது எப்படி நடந்தது என்று ஜெர்மனியில் தேடினால் விடை கிடைக்காது. ரங்கூனில் தேட வேண்டும். இன்று யாங்கோன் என்கிறார்கள். நம் ஆட்கள் வாயில் அது என்றைக்கும் ரங்கூன்தான். அந்த ஊரில் நூற்றைம்பது வருஷமாக யாராவது ஒருவர் அறிவை வாசலில் நிறுத்திப் பை சோதனை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒருமுறைகூடச் சரியான ஆளைப் பிடித்ததில்லை.

பலகையில் எழுதினால் ஏற்றுமதி

ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்றால் துறைமுகம், கன்டெய்னர், சுங்க அதிகாரி என்றுதான் நம் கண்ணில் ஓடும். அமெரிக்கச் சட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. அங்கே ஓர் ஆய்வகத்தில் பேராசிரியர் பலகையில் படம் போட்டு விளக்குகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவன் வெளிநாட்டு மாணவன். விஷயமோ கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தீர்ந்தது. அந்தப் படத்தை அவனுடைய சொந்த நாட்டுக்கே ஏற்றுமதி செய்துவிட்டதாகக் கணக்கு. இதற்கு டீம்டு எக்ஸ்போர்ட் என்று பெயர். பையன் ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்க மாட்டான். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போயிருக்க மாட்டான்.

விளையாட்டுப் பேச்சல்ல. டென்னசி பல்கலைக்கழகத்தில் ரீஸ் ராத் என்ற பிளாஸ்மா பேராசிரியர் அமெரிக்க விமானப்படைக்காக ஆளில்லா விமான ஆராய்ச்சி ஒன்றைச் செய்தார். சீன மாணவர் ஒருவரையும் இரானிய மாணவர் ஒருவரையும் அதில் சேர்த்துக்கொண்டார். 2008இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. எழுபதைத் தாண்டிய வயதில் நான்கு வருஷச் சிறை. அன்றிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் வந்தாலே ஒரு தனி அலுவலகம் விழித்துக்கொள்கிறது: எந்த ஊர், எந்த ஆய்வகம், எந்த மெஷினைத் தொடப்போகிறார், லேப்டாப்பை ஊருக்கு எடுத்துப் போவாரா?

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1985இல் ரீகன் அரசு ஒரு நல்ல உத்தரவும் போட்டது. ஊரறிய வெளியிடுவதற்காகச் செய்யும் அடிப்படை ஆராய்ச்சியைக் கூடியவரை தொடாதே. ரகசியம் என்று தோன்றினால் ரகசிய முத்திரை குத்து, இல்லாவிட்டால் விட்டுவிடு என்பது அதன் சாரம். பல்கலைக்கழகங்கள் இன்றும் அந்த ஒரு தாளைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு திரிகின்றன.

சென்னைக்காரர்களுக்கு இந்த வாசனை புதிதல்ல. அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்து வாசலில், விசா இப்போதைக்கு இல்லை என்று 221(ஜி) அச்சடித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நிற்கும் எம்.எஸ். மாணவர்கள் எத்தனை பேர்! 2006இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கோவர்தன் மேத்தாவே அந்தத் தூதரகத்தில் விசா கிடைக்காமல் திரும்பினார். படித்தது ரசாயனம், ரசாயனத்தில் ஆயுதம் செய்யலாமே என்பது சந்தேகம். பிறகு அமெரிக்கத் தரப்பு வருத்தம் தெரிவித்து விசா தர முன்வந்தது. சாம்பாரும் ரசாயன மாற்றம்தான். நல்லவேளை, மாமிகளை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

மனப்பாடம் செய்த குற்றவாளி

இந்தச் சட்டத்தைப் போட்டுத் தாளிக்கும் அமெரிக்கா முளைத்த விதமும் ரசமானது. 18ஆம் நூற்றாண்டில் பருத்தி நூற்கும் மெஷின் இங்கிலாந்தின் குடும்ப ரகசியம். மெஷினை வெளியே அனுப்பத் தடை. மெஷின் தெரிந்த தொழிலாளி வெளியே போகவும் தடை. தொழிலாளிக்கு 1718இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இருபத்தொரு வயதுப் பையன், பண்ணையாள் வேஷத்தில் கப்பலேறினான். பையில் ஒரு தாளும் இல்லை. ஆர்க்ரைட்டின் நூற்பு மெஷின் முழுவதும் தலைக்குள் இருந்தது. ரோட் ஐலண்டுக்குப் போய்ச் சேர்ந்து ஞாபகத்திலிருந்தே மெஷினைக் கட்டிவிட்டான். பின்னாளில் அமெரிக்கத் தொழிற்புரட்சியின் தந்தை என்று பட்டம் கட்டினார்கள். அவன் பிறந்த ஊரில் வைத்த பெயர் துரோகி ஸ்லேட்டர்.

நம் பள்ளிக்கூடங்கள் மனப்பாடத்தைத்தானே கல்வி என்கின்றன? ஸ்லேட்டர் படத்தை வகுப்புக்கு ஒன்றாக மாட்டலாம். பிரிட்டன் அந்தத் தொழிலாளித் தடையை 1824இலும், மெஷின் தடையை 1843இலும் கைவிட்டது. தலைக்குச் சுங்கம் வசூலிக்க முடியாது என்று புரிய ஒரு சாம்ராஜ்யத்துக்கே நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

புரிந்ததைப் புரிந்த கையோடு மறந்துவிட்டு, அடுத்த கடையை ரங்கூனில் திறந்தார்கள்.

ராஜா இறக்குமதி, ராஜா ஏற்றுமதி

1858 டிசம்பரில் ரங்கூனுக்கு ஒரு விசேஷ இறக்குமதி வந்தது: கடைசி முகலாயச் சக்கரவர்த்தி பகதூர் ஷா ஜஃபர். எண்பதைத் தாண்டிய கிழவர். படையில்லை, பணமில்லை. ஆனாலும் வெள்ளைக்காரன் அவருக்கு மூன்று பொருள்களைத் தடை செய்தான்: பேனா, மை, காகிதம். மனிதர் உருதுக் கவிஞர்; எழுதிவிட்டால்? கரித்துண்டால் சுவரில் எழுதினார் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும். ரங்கூனில் படிப்பாளிக்கு எதிரான முதல் தடைப் பட்டியல் அதுதான். 1862இல் அவர் அங்கேயே காலமானார். கவிதைகள் லைசென்ஸ் இல்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அதே சமயத்தில் வடக்கே மண்டலேயில் மிண்டோன் ராஜா. கீழ்ப்பர்மா முழுவதும் 1852 யுத்தத்தோடு பிரிட்டிஷ் கைக்குப் போய்விட்டது. ராஜாவுக்குக் கடல் இல்லை. ஊசி வேண்டுமானாலும் ரங்கூன் வழியாகத்தான் வர வேண்டும். 1867இல் கர்னல் ஃபிட்சோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ராஜா தாராளமாக ஆயுதம் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ரங்கூனில் இருக்கும் சீஃப் கமிஷனர் சம்மதித்தால் போதும். சீஃப் கமிஷனருக்கு அந்தச் சம்மதம் லேசில் வாயில் வரவில்லை. நவீன ஏற்றுமதி லைசென்ஸின் முழு இலக்கணமும் இதில் அடங்கிவிட்டது: உரிமை உண்டு, அனுமதி கிடையாது.

மிண்டோன் லேசுப்பட்டவர் அல்ல. சாமான் வராவிட்டால் போகட்டும், சாமான் செய்யத் தெரிந்தவன் வரட்டும் என்று, இளைஞர்களை இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று படிக்க அனுப்பினார். துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்த வெள்ளைக்காரன், ரங்கூன் வழியாகப் போய்வந்த பையன்களின் தலையைத் திறந்து பார்க்கவில்லை. பையன்கள் திரும்பினார்கள். நாணயச் சாலை, தொழிற்சாலை, தந்தி என்று அரண்மனை சுறுசுறுப்பானது. பர்மிய எழுத்துக்கே தனியாக மோர்ஸ் சங்கேதம் கண்டுபிடித்துத் தந்தி அடித்தார்கள்.

எல்லாம் சரி, பீரங்கி மட்டும் இல்லை. 1885 நவம்பரில், தேக்கு மரக் கம்பெனி ஒன்றுக்கு விதித்த அபராதத்தைச் சாக்காக வைத்துப் பிரிட்டிஷ் படை ஆற்றில் ஏறியது. இரண்டு வாரத்தில் கதை முடிந்தது. மிண்டோனின் மகன் தீபா ராஜாவைக் குடும்பத்தோடு ரங்கூனுக்குக் கொண்டுவந்து, கப்பலேற்றி, முதலில் நம் மெட்ராஸில் இறக்கினார்கள். பிறகு ரத்னகிரி. ஒரு ராஜா இறக்குமதி, ஒரு ராஜா ஏற்றுமதி. வர்த்தகச் சமநிலை பிசகவில்லை.

மாணவன் என்னும் ஆபத்தான சரக்கு

1920 டிசம்பர் வரை ரங்கூனில் கல்லூரி உண்டு, பல்கலைக்கழகம் இல்லை. பட்டம் கல்கத்தாவிலிருந்து வர வேண்டும். கடைசியில் ரங்கூன் பல்கலைக்கழகம் பிறந்தது. பிறந்த ஐந்தாம் நாள், டிசம்பர் 5, மாணவர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். புதுச் சட்டம் விடுதியில்தான் தங்க வேண்டும் என்று ஏழைப் பிள்ளைகளை ஒதுக்கியது, அதற்கு எதிர்ப்பு. பிள்ளைகள் ஷ்வேடகோன் பகோடா பக்கம் போய் முகாமிட்டார்கள். பர்மாவின் தேசிய நாளாக இன்றும் கொண்டாடப்படுவது அந்த ஸ்டிரைக் நாள்தான். சுதந்திர தினத்துக்குப் போட்டியாக ஒரு ஸ்டிரைக் தினம் வைத்திருக்கும் நாடு வேறு எது?

1936இல் மறுபடி. பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட நூவுக்காகவும் ஆங் சானுக்காகவும் மாணவர்கள் படுத்துவிட்டார்கள். நீக்கப்பட்டவர்களில் ஒருவர் சுதந்திர பர்மாவின் முதல் பிரதமர். இன்னொருவர் தேசப்பிதா. அதே பல்கலைக்கழகத்தில் யாரும் நீக்காமலேயே, பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு 1931இல் வெளியேறிய ஒரு பையனும் உண்டு. உயிரியல் மாணவன். பின்னாளில் ஜெனரல் நே வின்.

பரீட்சையில் தேறாதவர் கையில் பல்கலைக்கழகம் மாட்டினால் என்ன ஆகும்? 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்தார். ஜூலை 7 அன்று வளாகத்துக்குள் ராணுவம் மாணவர்களைச் சுட்டது. மறுநாள் விடியலில் மாணவர் யூனியன் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசு சொன்ன கணக்குக்கும் ஊர் சொன்ன கணக்குக்கும் இன்றுவரை ஒட்டவில்லை.

அடுத்து வெளியிலிருந்து வரும் படிப்பு. ஃபோர்டு அறக்கட்டளை, ஏசியா அறக்கட்டளை எல்லாம் மூட்டை கட்டின. வெளிநாட்டவருக்கு விசா 24 மணி நேரம் மட்டும். ஒரு பேராசிரியர் ரங்கூனில் இறங்கி, தூக்கம் தெளிந்து, பகோடாக் கல்வெட்டில் முதல் வரியைத் தடவிப் பார்ப்பதற்குள் விசா முடிந்துவிடும். அமெரிக்காவின் டீம்டு எக்ஸ்போர்ட் எல்லாம் கால் தூசு. பேச்சே நடக்கவிடாமல் செய்துவிட்டால் எந்த வரைபடம் எங்கே போகும்?

தாலியும் ஏற்றுமதிப் பொருளே

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் பரிசுத்த வடிவத்தைத் தரிசித்தவர்கள் நம் ஆட்கள்தான். 1964 மார்ச்சில் கடைகளெல்லாம் அரசுடைமை. மே 17 அன்று 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது. செட்டியார் பெட்டகமும் போயிற்று, சின்னக் கடைக்காரர் டின்னும் போயிற்று. மூட்டை கட்டியவர்கள் அந்த வருஷங்களில் மூன்று லட்சம் பேர் இருக்கலாம்.

ரங்கூன் துறைமுகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சுங்க அதிகாரிக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை: தங்கம் என்றால் பர்மாவின் தங்கம். மூக்குத்தி, வளையல், காதிலிருப்பது எல்லாம் மேஜைக்கு வந்தன. தாலியைக்கூடக் கழற்றச் சொன்னார்கள் என்று திரும்பி வந்தவர்கள் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ட்-யூசர் யார் என்று கேட்டிருந்தால் அந்தப் பெண்கள் பக்கத்தில் நின்ற புருஷனைக் காட்டியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

தலைக்குள் இருந்ததை மட்டும் மேஜையில் வைக்கச் சொல்லவில்லை. அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸை எப்படிக் கலப்பது என்பது கப்பலேறி வந்தது. இன்றும் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே தட்டில் வருகிறது. வியாபாரம் எப்படிச் செய்வது என்பதும் வந்தது. 1969இல் அங்கேயே பர்மா பஜார் எழுந்தது. ஜப்பான் டேப்ரிக்கார்டர், சிங்கப்பூர் சென்ட், கொரியக் கேசட் என்று சென்னையின் ஆசையெல்லாம் அங்கேதான் கிடைத்தது. ரங்கூன் சுங்க அதிகாரியிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள், சென்னையில் சுங்க அதிகாரியே கண்ணால் பார்த்திராத சரக்கை விற்றுப் பிழைத்தார்கள். சரித்திரத்தில் வட்டியும் முதலுமாகக் கணக்குத் தீர்ந்த இடங்கள் குறைவு. இது ஒன்று.

மோடம் வைத்திருந்தால் ஏழு வருஷம்

நே வின் காலத்து அதிசயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஐ.நா. உதவியோடு ரங்கூனில் பல்கலைக்கழகக் கணினி மையம் வந்துவிட்டது. பிரிட்டிஷ் ஐ.சி.எல். கம்பெனிக் கம்ப்யூட்டர். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றுக்கும் முன்னால். கம்ப்யூட்டரைக் குளிர் அறையில் வைத்துப் பூசை செய்யும் வரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வீட்டுக்கு வீடு வந்து, டெலிபோன் கம்பியில் மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால்?

அதற்குள் 1988. மார்ச் மாதம், தொழில்நுட்பக் கல்லூரிக்கு அருகே சாந்தா வின் என்ற டீக்கடையில் எந்தப் பாட்டுக் கேசட் போடுவது என்று சண்டை. மாணவர்களுக்கு அடி. அடித்தவன் அதிகாரியின் மகன், போலீஸ் விட்டுவிட்டது. மறுநாள் துப்பாக்கிச்சூட்டில் ஃபோன் மோ என்ற மாணவர் இறந்தார். ஜூலையில் நே வின் பதவியை விட்டார், ஆகஸ்டில் நாடே தெருவுக்கு வந்தது. வேறு ஜெனரல்கள் வந்தார்கள், கல்லூரிகளுக்குப் பூட்டு வந்தது. அடுத்த 12 வருஷத்தில் பல்கலைக்கழகங்கள் திறந்திருந்த மாதங்களைக் கூட்டினால் நான்கு வருஷம்கூடத் தேறாது.

1996 அந்த ஜெனரல்களின் பொன்னாண்டு. நார்வே முதலிய நாடுகளின் கௌரவ கான்சலாக இருந்த லியோ நிக்கோல்ஸ், ஆங் சான் சூச்சியின் குடும்ப நண்பர். வீட்டில் அனுமதி இல்லாமல் இரண்டு பேக்ஸ் மெஷினும் டெலிபோன் இணைப்புப் பலகையும் வைத்திருந்ததற்கு மூன்று வருஷத் தண்டனை. அனுபவித்தது ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம். ஜூன் 22 அன்று காவலிலேயே இறந்துபோனார். செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் குறிப்பிட்ட வகைக் கம்ப்யூட்டரை இறக்குமதி செய்தாலோ, வைத்திருந்தாலோ, பயன்படுத்தினாலோ 7 முதல் 15 வருஷம் சிறை. சட்டத்தின் பெயர்: கணினி அறிவியல் மேம்பாட்டுச் சட்டம். பெயர் வைத்தவருக்குத் தனியாகப் பத்மஸ்ரீ கொடுக்கலாம்.

டிசம்பரில் மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வர, மறுபடி பூட்டு. பெரும்பாலான கல்லூரிகள் திறந்தது 2000இல்தான். திறந்தபோதும் பழைய வளாகத்தில் பட்டப்படிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. ஊருக்கு வெளியே, வயல்காட்டுக்கு நடுவே புதுக் கட்டடங்கள் கட்டி, பஸ் மாறி பஸ் ஏறிப் போங்கள் என்று அனுப்பினார்கள். போய்ச் சேர்வதற்குள் புரட்சிக்குத் தெம்பு இருக்காது. ராணுவத்தின் சொந்தக் கல்லூரிகளுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மருத்துவத்துக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று என்று 1990களில் புதிதாகவே திறந்தார்கள்.

குண்டு ஏன் வெடிக்கவில்லை

இப்போது அந்த ஜெர்மன் மெஷினுக்கு வருவோம். 2000க்குப் பிறகு ஜெனரல்களுக்குத் திடீரென்று படிப்பின் மேல் பக்தி பிறந்தது. ஆயிரக்கணக்கான ராணுவ அதிகாரிகள் ரஷ்யாவுக்குப் படிக்கப் போனார்கள். 2007 மே மாதம் ரஷ்யாவோடு 10 மெகாவாட் ஆராய்ச்சி அணு உலைக்கு ஒப்பந்தம். உலை வரவேயில்லை. 2009இல் ஜப்பான் போலீஸ், காந்த அளவைக் கருவி ஒன்றை மலேசியா வழியாகப் பர்மாவுக்கு அனுப்பப் பார்த்தவர்களைப் பிடித்தது. ஏவுகணைக்கு உதவும் சாமான் என்பது சந்தேகம். சாமான் பட்டியல் நீண்டுகொண்டே போக, ஜெர்மன் மெஷினை வாங்கியவர் பெயர் என்னவோ கல்வி என்றே இருந்தது.

சாய் தெய்ன் வின் கொண்டுவந்த படங்களைப் பார்த்தவர் ராபர்ட் கெல்லி, சர்வதேச அணுசக்தி முகமையில் முன்பு ஆய்வாளராக இருந்தவர். இவர்களுக்கு அணு ஆயுத ஆசை இருக்கிறது என்றார் அவர். அது வேறு வேலைக்கான சாமானாகவும் இருக்கலாம் என்று சில வல்லுநர்கள் மறுத்தார்கள். இரு தரப்பும் மறுக்காத ஒன்று உண்டு: வேலைத் தரம் படுமட்டம். வரைபடங்களில் துல்லியம் இல்லை, செய்த பாகங்களில் நேர்த்தி இல்லை. உலகத்தின் உயர்ந்த மெஷினை வாங்கி வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நிற்க ஆள் தயார் செய்ய மறந்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வருஷம் கல்லூரிகளை இழுத்து இழுத்து மூடினால் என்ன கிடைக்கும்? மெஷினை ஓட்டத் தெரியாத தொழிற்சாலை கிடைக்கும். ஜெர்மனியின் விதி, ஜப்பானின் போலீஸ், அமெரிக்காவின் பட்டியல் எல்லாம் சேர்ந்து தடுத்ததைவிடப் பர்மாவின் அணுகுண்டை அதிகமாகத் தடுத்தது பர்மாவின் கல்விக் கொள்கை. உலக அமைதிக்கு ஜெனரல்கள் அறியாமல் செய்த ஒரே தொண்டு அது. செலவு முழுவதும் அந்த ஊர்ப் பிள்ளைகள் தலையில்.

மறுபடியும் மாணவரைக் காணோம்

2012 நவம்பர் 19. ஒபாமா யாங்கோன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபத்தில் பேச வருகிறார். அவசர அவசரமாகப் புல் வெட்டினார்கள், வெள்ளையடித்தார்கள். உலகமே டிவியில் பார்த்தது. அமெரிக்க ஜனாதிபதி பர்மிய மாணவர்களின் எதிர்காலத்தைப் பற்றி அழகாகப் பேசினார். அந்த வளாகத்தில் அன்றைக்குப் பட்டப்படிப்பு மாணவர் ஒருவர்கூடப் படிக்கவில்லை. மறுவருஷம் டிசம்பரில்தான் கொஞ்சம் பேரைச் சேர்த்தார்கள். மெஷினும் மாணவரில்லாத இடத்துக்கு வந்தது, பிரசங்கமும் மாணவரில்லாத இடத்துக்கு வந்தது. ஊரின் ராசி அப்படி.

2021 பிப்ரவரி 1, மறுபடி ராணுவம். மார்ச் மாதமே அமெரிக்க வர்த்தகத் துறை பர்மாவின் பாதுகாப்பு அமைச்சகத்தையும், ராணுவத்தின் இரண்டு பெரிய கம்பெனிகளையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அது நியாயம். கூடவே நாட்டையே ஏற்றுமதி விதிகளில் கடுமையான டி:1 பிரிவுக்கு மாற்றியது. அங்கேதான் பையன் மாட்டுகிறான். ராணுவத்தை எதிர்த்து வேலையை விட்ட பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களிடம் படித்துவிட்டு, தப்பித்து, ஓர் அமெரிக்க ஆய்வகத்தில் இடம் பிடித்தவனுடைய பாஸ்போர்ட்டில் இருப்பது அதே நாட்டின் பெயர். அவன் காதில் பட்டியலில் இருக்கும் ஒரு தொழில்நுட்பம் விழுந்தால், யாரிடமிருந்து தப்பி வந்தானோ அவர்கள் நாட்டுக்கே ஏற்றுமதியானதாகக் கணக்கு.

2025 தொடக்கத்தில், நூற்றுக்கணக்கான பர்மிய மாணவர்கள் தென்கிழக்கு ஆசியக் கல்லூரிகளில் படிக்க அமெரிக்கா கொடுத்துவந்த 4.5 கோடி டாலர் உதவித்தொகைத் திட்டத்தை டிரம்ப் அரசு ரத்து செய்தது. மார்ச்சில் காங்கிரஸில் பேசும்போது டிரம்ப் அதை வீண் செலவுக்கு உதாரணமாகவே வாசித்துக் காட்டினார். ஜூனில் பயணத் தடை வந்தது. பர்மிய மாணவர், பரிமாற்ற விசாக்காரர்களில் 42.17 சதவீதம் பேர் காலக்கெடு தாண்டியும் தங்கிவிடுகிறார்கள் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. திரும்பிப் போனால் கட்டாய ராணுவ சேவைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள், தங்குவானா, போவானா?

ஆகப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கவிஞனுக்குக் காகிதம் தடை, ராஜாவுக்குப் பீரங்கி தடை, பேராசிரியருக்கு விசா தடை, பையனுக்கு மோடம் தடை, பிறகு பையனே தடை. படிக்கிறவனுக்கு நூற்றைம்பது வருஷத் தடை. படிக்காதவனுக்குப் பள்ளிக்கூடம் பேரில் மெஷின் இறக்குமதி. விதி எழுதுகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் பார்ப்பது தாளை. பொய்ச் சான்றிதழ் தயாரிக்க ஜெனரலிடம் ஓர் அமைச்சகமே இருக்கிறது. உண்மைச் சான்றிதழ் வாங்கவே மாணவனிடம் பஸ் காசு இல்லை.

ஏற்றுமதி அதிகாரிகளுக்கு ஒரு யோசனை. எண்ட்-யூசர் படிவத்தில் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். கடைசியில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: கல்லூரி வாசலில் டீக்கடை உண்டா? அந்தக் கடை நோட்டில் எத்தனை பேர் பாக்கி? யாங்கோனில் மாணவன் இருக்கிற இடத்தில் குட்டை ஸ்டூல் போட்ட டீக்கடை இருக்கும். கடை இருந்தால் கடன் இருக்கும், கடன் இருந்தால் அரசியல் சண்டை இருக்கும். ஒரு ஜெனரலால் பல்கலைக்கழக லெட்டர்ஹெட் அச்சடிக்க முடியும், பல்கலைக்கழகப் போர்டு மாட்ட முடியும். மாணவர்களின் டீக்கடைப் பாக்கியை மட்டும் ஜோடிக்க முடியாது. நோட்டு காலியாக இருந்தால் மெஷினை ஏற்றாதீர்கள். நிரம்பி வழிந்தால், பாக்கிக்காரனுக்கு விசா கொடுங்கள்.